லொரெட்டாவின் கண்ணும் சங்கத்தின் சட்டமும்

லொரெட்டா ஸெர்பி பென்சில்வேனியா மலையூர் ஒன்றில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இடக்கைப் பழக்கம். அவளுக்கு வாய்த்ததோ வலக்கைக்காரர்களுக்கென்று செய்த சக்கிமுக்கித் துப்பாக்கி. இடது தோளில் ஏந்தினால், கல் இரும்பில் உரசிப் பொறி பறப்பதும் கருமருந்து குப்பென்று எரிவதும் அவள் மூக்குக்கு நேரேதான். போன வருஷம் கன்னம் பொசுங்கியது. அன்றிலிருந்து விசையை இழுக்கும்போதே கண்ணை இறுக மூடிக்கொள்வாள், குண்டு எங்கேயோ போகும். அவளைக் கண்டால் மான்கள் ஓடுவதே இல்லை என்று ஊரின் பழங்காலத் துப்பாக்கிச் சங்கத்தார் கேலி பேசினார்கள்.

கேலி போகட்டும். கண்ணில் ஒரு சில்லு பாய்ந்தால் பஸ் லைசென்ஸ் போய்விடும் என்று டாக்டர் சொன்னதுதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. சுடுவதையும் விட மனசில்லை. வெல்டிங் சாமான் கடைக்குப் போய்த் தடித்த பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்தாள்.

புத்தாண்டு முடிந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் குறி சுடும் போட்டி. தோல் சட்டை, தோல் செருப்பு, எல்லாம் பாட்டன் காலத்து வேஷம். ஜிப் வைத்த உடுப்பே கூடாது என்பார் சங்கத் தலைவர் ஹார்லன் போயர். அந்த மகராசன் ஹீட்டர் போட்ட பிக்கப் வண்டியில்தான் வந்து இறங்குவார், அதை யார் கேட்பது!

"அந்தக் காலத்துல யாரு கண்ணாடி போட்டுக்கிட்டுச் சுட்டா? கழட்டு, லொரெட்டா."

"அந்தக் காலத்துல எத்தனை பேருக்குக் கண்ணு போச்சுன்னு யாருக்குத் தெரியும்? நாளைக்குக் காலையில நான் பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு மலை இறங்கணும், ஹார்லன். எனக்குப் பரிசு வேணாம், சுட மட்டும் விடுங்க."

கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று முணுமுணுத்தபடி அவர் ஒதுங்கினார்.

லொரெட்டா குறி பார்த்தாள். பொறி பறந்தது, முகத்தில் சூடு அடித்தது, கண்ணாடியில் ஏதோ டிக்கென்று பட்டது. இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. தூரத்து இரும்புத் தகடு ணங்கென்று ஒலித்ததும் சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். கருவிழிக்கு நேராக ஆழமாய் ஒரு வெட்டு, அதில் கல்லின் துணுக்கு.  அதை ஹார்லனிடம் நீட்டினாள். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அடுத்துச் சுட வேண்டியவர் அவர். ஏற்கெனவே மருந்து நிரப்பி வைத்திருந்த துப்பாக்கியை மெல்லச் சாய்த்து வைத்தார்.

"இந்தக் கண்ணாடி வாங்கின கடை ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமா?" என்று கேட்டார்.