கார்பைன் வேண்டாம் என்று எழுதிய கடிதம்

"பிஸ்டலா, கார்பைனான்னு எழுத்துல குடுத்துடுங்க" என்றார் ஆயுதப்படை இன்ஸ்பெக்டர். ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் அவருடைய அறை. மேசையில் என் பெயர் போட்ட கோப்பு ஆறு வாரத்தில் இரண்டு விரல் தடிமனுக்கு வளர்ந்திருந்தது. "உங்க பாதுகாப்ப இன்னும் மூணு மாசம் நீட்டிச்சிருக்காங்க. ஒரு தடவ எழுதிட்டா நடுவுல மாத்த முடியாது. கார்பைன்னா பாக்கறவனுக்கு பயம். பிஸ்டல்னா உங்களுக்கு வசதி, சட்டைக்குள்ள போயிடும். எது வேணும்னு யோசிச்சிக்குங்க."

யோசிக்க எனக்கு எதுவும் இருக்கவில்லை. அன்று மாலையே வீட்டில் உட்கார்ந்து, கார்பைன் வேண்டாம், பிஸ்டல் வைத்திருக்கும் காவலரே போதும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சென்னை நாளிதழ் ஒன்றுக்கு நான் மாவட்ட நிருபர். ஊருக்கு வெளியே ஓர் ஏரியில், அனுமதித்த ஆழத்தைத் தாண்டி லாரி லாரியாக மண் எடுப்பது பற்றி மூன்று செய்திகள் எழுதியிருந்தேன். மூன்றாவது வெளிவந்த மறுநாள் காலை, வாசலில் நிறுத்தியிருந்த என் மொபெட்டின் சீட்டை யாரோ நீளவாக்கில் அறுத்திருந்தார்கள். வெட்டு நேராக இருந்தது. பிளவுக்குள் மடித்த காகிதம் ஒன்று: "அடுத்தது வண்டி இல்லை." ஆசிரியர் சென்னையில் யாரிடமோ பேசினார். பொங்கல் முடிந்த வாரம், ஆயுதப்படையிலிருந்து ஓர் ஏட்டு கார்பைனோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த ஆள். காலை எட்டு மணிக்கு ஆயுதக் கிடங்கில் கார்பைனைக் கையெழுத்துப் போட்டு எடுத்து வருவார். மாலை ஏழுக்குத் திருப்பிக் கொடுப்பார். ஏழுக்கு மேல் நான் வெளியே போகக் கூடாது என்பது ஏற்பாடு. இடைப்பட்ட பதினோரு மணி நேரமும் அவர் என்னை விட்டு நகரக் கூடாது. கார்பைன் அவரை விட்டு நகரக் கூடாது. முதல் நாள் காப்பி கொடுக்க வந்த என் மனைவி, "அத வாசல்ல வெச்சிட்டு வரக் கூடாதுங்களா?" என்று கேட்டாள். "அது போச்சுன்னா என் வேலையும் போச்சும்மா" என்றார் ஏட்டு. குறைபட்டுக்கொள்வது போலச் சொல்லவில்லை. மடியில் அதைக் கிடத்திக்கொண்டே காப்பி குடித்தார்.

கார்பைனைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஊரில் எல்லோரும் அதை மிஷின் கன் என்றே சொன்னார்கள். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை உள்ள நீளத்தைவிடச் சற்று அதிகம். தோளில் முட்டுக் கொடுக்கும் இரும்புப் பின்கட்டையை அடியில் மடித்து வைக்கலாம். குண்டுகள் இருக்கும் மேகசின், இடது பக்கமாகக் கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும். என் மொபெட்டில் ஏட்டு பின்னால் உட்கார்ந்தால் அந்தக் கொம்பு என் விலாவில் குத்தும். இரண்டு நாள் கழித்து, வண்டியில் ஏறும்போது மட்டும் அதைக் கழற்றி இடுப்புப் பையில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். விதிப்படி கூடாது. ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் நெளிவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

விலா பெரிய விஷயமில்லை. என் தொழில் நடந்தது கலெக்டர் ஆபீஸ் வாசலில் இருந்த டீக்கடையில். திங்கட்கிழமை மனுக் கொடுக்க வருகிறவர்கள் அங்கேதான் டீ குடிப்பார்கள். பெஞ்சில் ஓர் ஓரமாக உட்கார்ந்தால் போதும், மாவட்டத்தில் எங்கே என்ன நடக்கிறது என்று பத்து மணிக்குள் தெரிந்துவிடும். கார்பைன் வந்த முதல் திங்கட்கிழமை அந்த பெஞ்சில் ஆறு பேர் இருந்தார்கள். ஏட்டு உட்கார்ந்து ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஒருவர் மிச்சம். அவருக்குக் காது கேட்காது.

"சார், தப்பா நெனைக்காதீங்க" என்றார் டீக்கடைக்காரர். "நீங்க வந்தா எனக்கு வியாபாரம் ஜாஸ்தியா இருந்துச்சு. இப்ப கம்மி. ஏட்டையா அந்த வேப்பமரத்தாண்ட நின்னா ஆவாதா?"

"ஆவாது" என்றார் ஏட்டு.

மறுவாரம் ஏட்டே ஓர் உபாயம் செய்தார். வீட்டிலிருந்து ஒரு பெரிய பூத்துண்டு கொண்டுவந்து கார்பைனை அதில் சுற்றி, மார்போடு அணைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்தார். கொம்பு இருக்கும் பக்கம் துணி புடைத்துக்கொண்டு நின்றது. டீக்கடைக்காரர் என் கிளாஸை வைத்துவிட்டு அவரிடம் குனிந்து கேட்டார்: "ஏட்டையா, கொழந்தைக்கு பால் ஆத்தட்டுமா?" பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏட்டும் சிரித்தார். சிரித்து முடித்ததும் எல்லோரும் எழுந்து போனார்கள். அன்றோடு துண்டு போயிற்று.

ஆறு வாரத்தில் நான் எழுதியவற்றில் பாதிக்கு மேல் அரசு செய்திக் குறிப்புகள். கலெக்டர் கொடி அசைத்தார், கலெக்டர் பார்வையிட்டார். ஏரிச் செய்தியின் நான்காவது பகுதி அப்படியே நின்றது. அதற்கு வேண்டியது ஒரு நோட்டு. ஏரிக்குக் கீழே இரண்டு ஏக்கர் வைத்திருந்த விவசாயி ஒருவர், கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, தோண்டிய குழி ஒவ்வொன்றையும் அளந்து பள்ளிக்கூட நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருந்தார். கொண்டுவந்து தருகிறேன் என்று மார்கழியில் சொன்னவர். ஊருக்கு வராதீங்க சார், நானே திங்கட்கிழமை வரேன் என்றும் சொல்லியிருந்தார். அவர் வரவில்லை.

அதனால்தான் கடிதத்தை எழுத எனக்கு ஐந்து நிமிடமே ஆயிற்று.

மறுநாள் காலை அதைக் கொடுக்க வேங்கிக்காலுக்குக் கிளம்பினோம். கடிதம் என் பையில், ஏட்டு என் பின்னால். செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் உட்காரும் காப்பிக் கடைகளைத் தாண்டும்போது பேச்சுக்குக் கேட்டேன்: "ஏட்டையா, பிஸ்டல் குடுத்தா உங்களுக்கும் சுமை கம்மிதானே?"

"எனக்கு இல்லைங்க. பிஸ்டல்னா வேற ஆளு வருவாரு."

"ஏன்?"

"பிஸ்டல் டெஸ்ட்ல நான் பெயில் சார். இருபத்தஞ்சு கெஜத்துல பத்து ரவுண்டு சுடணும். எனக்கு மூணு விழும். ஒரு தடவ நாலு." வலது கையை என் தோளுக்கு மேல் நீட்டிக் காட்டினார். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. பந்தோபஸ்துக்குப் போன வேன் ஒருமுறை கவிழ்ந்ததாம். "ரெண்டுக்கும் குண்டு ஒண்ணுதான் சார், ஒரே சைசு. ஆனா கார்பைன்ல தோள்ல முட்டுக் குடுக்கலாம். கை ஆடினாலும் அது ஆடாது. அதுல எனக்கு எட்டு விழும். பயப்படாதீங்க."

"வேற ஆள் வந்தா நீங்க எங்க போவீங்க?"

"ஆயுதப்படையில எங்க கம்பெனிக்குத் திரும்பணும். அவங்க எங்க அனுப்பினாலும் போவணும். இப்ப பந்தோபஸ்துக்கு தெக்கத்திப் பக்கந்தான் ஜாஸ்தியா அனுப்பறாங்க. போனா ஒரு மாசம், ரெண்டு மாசம்."

ரயில்வே கேட் மூடியிருந்தது. நிறுத்தினேன். சத்தம் அடங்கிய பிறகு அவர் மீதியையும் சொன்னார். கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். மனைவி இறந்து இரண்டு வருடம். குவார்ட்டர்ஸில் அவரும் ஒரே மகளும். மகள் பிளஸ் டூ. அடுத்த வாரம் பரீட்சை ஆரம்பம், மூன்று வாரம் நடக்கும். ஆரணியில் அவருடைய அக்கா இருக்கிறாள். அவளுக்கு அவள் வீடு, இங்கே வந்து தங்க முடியாது. காலையில் சமைத்து வைத்துவிட்டு வந்து, மாலை ஏழரைக்கு வீடு திரும்ப முடிகிற டூட்டி, இருபது வருடத்தில் அவருக்கு இது ஒன்றுதான்.

"நீங்க அதுக்காக ஒண்ணும் பாக்காதீங்க சார். உங்க வேல உங்களுக்கு" என்றார்.

கேட் திறந்தது. இன்ஸ்பெக்டர் அறையில் நான், இன்னும் முடிவு செய்யவில்லை, மாதக் கடைசியில் சொல்கிறேன் என்றேன். "இதுல முடிவு பண்ண இன்னா இருக்குது?" என்று அவர் சலித்துக்கொண்டார். கடிதம் பையிலேயே இருந்தது. பெருந்தன்மை என்று அதைச் சொல்ல முடியாது. கொடுக்கவும் முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை.

பரீட்சை நாட்களில் ஒரு வேடிக்கை நடந்தது. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும் என்று அவருக்கு ஆசை. என்னை விட்டு அவர் போகக் கூடாது. ஆகவே நானும் போனேன். காலை ஒன்பதரைக்குப் பெண்கள் பள்ளி வாசலில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு கார்பைனும். மற்ற பெற்றோர்கள் என்னை யாரோ பெரிய மனிதன் என்று நினைத்து வழிவிட்டார்கள். மகள் ஒல்லியாக, அப்பாவைப் போலவே இருந்தாள். பேனாக்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்திருந்தாள். இரண்டாவது பரீட்சையன்று அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது.

"அப்பா, அத மாட்டிக்கினு வாசல்ல நிக்காதப்பா. உள்ள ஒருத்தி, உங்கப்பன் யாரயோ புடிக்க வந்திருக்கான்னு சொல்றா."

"இவரத்தாம்மா புடிச்சு வெச்சிருக்கேன்" என்று ஏட்டு என்னைக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை.

அதன்பின் நாங்கள் வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் நின்றோம்.

மூன்றாவது வாரத் திங்கட்கிழமை, பரீட்சை இல்லாத நாள். டீக்கடை பெஞ்சில் இருந்தபடி எதிர்ப்புறம் பார்த்தேன். அந்த விவசாயி பஸ்ஸை விட்டு இறங்கினார். கக்கத்தில் மஞ்சள் பை. அதற்குள் தட்டையாக, நோட்டு அளவில் ஏதோ இருந்தது. சாலையைக் கடக்க ஒரு கால் எடுத்து வைத்தார். எங்களைப் பார்த்தார். முதலில் என்னை, பிறகு ஏட்டின் மடியை. எடுத்த காலைப் பின்னால் வைத்து, அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். எல்லாம் ஒரு டீ ஆறும் நேரம்.

"அவருதானே?" என்றார் ஏட்டு.

"ஆமா."

"ஓடிப் போய்ப் புடிங்க சார். நான் இங்கியே இருக்கேன். யார் கேக்கப் போறாங்க?"

நான் எழுந்திருக்கவில்லை. பஸ் வளைவில் மறைந்திருந்தது. அதோடு, எனக்கு உண்மையிலேயே அலுப்பாக இருந்தது. இரண்டு மாதமாக எங்கே போவதானாலும் இரண்டு பேராகப் போகிற அலுப்பு.

கடைசிப் பரீட்சை முடிந்த மதியம், மகளைக் குவார்ட்டர்ஸுக்கு பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் ஏட்டே கேட்டார்: "சார், அந்த லெட்டர் இன்னும் இருக்குதா?" அவருக்குத் தெரிந்திருந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. தினமும் என் பின்னால் உட்கார்ந்து வந்தவர். "குடுத்துடுங்க. இனிமே நான் எங்க வேணா போவலாம்."

மடிப்புகளில் கடிதம் நைந்து, வியர்வையில் தேதி கலைந்திருந்தது. புதிதாக எழுதினேன். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, "இத அன்னிக்கே குடுத்திருக்கலாமே" என்றார்.

பிஸ்டல்காரர் வந்தார். முப்பது வயது, சட்டையை வெளியே விட்டிருப்பார், அதற்கடியில் இருப்பது யாருக்கும் தெரியாது. மொபெட்டில் எதுவும் குத்தவில்லை. அந்த வாரமே விவசாயியின் ஊருக்குப் போனேன். அவர் ஏரிக்கரையில் நின்று காட்டினார். லாரிகள் போய்விட்டிருந்தன. குழிகளின் விளிம்பைத் தள்ளி மேலாக மூடியிருந்தார்கள்.

"நோட்டு இருக்குதுங்க. ஆனா இப்ப அளந்தா ஒண்ணும் பொருந்தாது" என்றார். பிறகு என் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். "இவரு யாருங்க?"

"தெரிஞ்சவர்" என்றேன்.

"ஓ" என்றார். அதற்குமேல் அவர் மழையைப் பற்றி மட்டும் பேசினார். நான்காவது பகுதி வரவேயில்லை.

மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வந்தன. அந்த நாட்களில் தேர்ச்சி பெற்றவர்களின் எண்களைப் பத்திரிகையில் பக்கம் பக்கமாகப் போடுவார்கள். சென்னையிலிருந்து வந்த பத்திரிகைப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அலுவலகத் தொலைபேசி அடித்தது. தெற்கே ஏதோ ஒரு ஊரின் எஸ்டிடி பூத்திலிருந்து ஏட்டு. மகளின் எண்ணை இரண்டு முறை சொன்னார். என் தொழிலில் வரிசையில் கண் ஓட்டுவது பழக்கம். ஆனாலும் விரலை வைத்து இறங்கினேன். எண் இருந்தது. மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னேன்.



"சரிங்க" என்றார். "அந்தக் கயிறுகாரர் நோட்டக் குடுத்தாரா?"

"போய்ப் பாத்தேன். லேட்டாயிடுச்சு."

"ம்." பிறகு, "ரிசல்ட்டுக்குன்னு பாப்பா ஆரணிலேந்து அத்தையக் கூட்டிக்கினு நம்ம குவார்ட்டர்ஸுக்கு வந்திருக்குது. அங்க போன் இல்ல. நீங்களே போய்ச் சொல்லிடுறீங்களா சார்?" என்றார். வைத்துவிட்டார்.

பேப்பரைச் சுருட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது மகள்தான். என்னைப் பார்த்ததும் அவள் கண் எனக்குப் பின்னால் நின்ற பிஸ்டல்காரரின் தோளுக்குப் போனது. அங்கே எதுவும் மாட்டியிருக்கவில்லை. உடனே தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். அப்பா வரவில்லை என்று தெரிந்த பிறகுதான், என் கையிலிருந்த பேப்பருக்காகக் கையை நீட்டினாள்.