வலப்புறமாகவே ஓடினேன்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்பாவும் அண்ணாவும் கோயில் ஊட்டுப்புரையில் சமையல்காரர்கள். கையெழுத்துப் போடச் சொன்னால் பெருவிரலை நீட்டுவார்கள். நானோ ஆறாம் ஃபாரத்தில் இங்கிலீஷில் வகுப்புக்கே முதல். அதனால், டிரில் டீச்சர் ஓட்டப் பயிற்சி பற்றிய இங்கிலீஷ் புத்தகத்தை என்னிடம் நீட்டியபோது, ஸ்ரீவராகம் தெருவிலேயே இதை வாசிக்கத் தகுதி எனக்குத்தான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். வாசித்ததில் பிழை இல்லை.

டீச்சர் நாகர்கோவில்காரி. "ஆம்பளைய கோவளம் வர ஓடிட்டு வாறாவ. ஒங்களுக்கு மைதானத்தச் சுத்திதான். நம்ம மாரத்தான்னு வச்சுக்கோயேன்" என்றாள். அந்த நீள ஓட்டத்தில் முதலாவதாக வருகிற பெண்ணை, மதராஸில் டிரில் டீச்சர் படிப்புக்கு உபகாரச் சம்பளத்தோடு அனுப்பிவைப்பார்களாம்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"மொதல்ல வந்தியானா போ. நான் தடுக்கல்லை. வரல்லேன்னா செங்கோட்டை வரனுக்குச் சரின்னு பறைஞ்சுடுவேன். அப்புறம் அழப்படாது, கேட்டியோ?"

செங்கோட்டை வரன் தாலுகா குமாஸ்தா. முதல் மனைவி இறந்துபோனவர்.

சரி என்றேன். ஆனால் வயசுக்கு வந்த பெண் எந்தத் தெருவில் ஓடுவது? அதற்கு வழி கண்டுபிடித்தவள் அம்மா. "கல்யாணம் ஆகணும்னு பிரதட்சிணம் நேர்ந்துண்டிருக்கான்னு சொல்லிடறேன். வெடியறதுக்கு முன்னாடி கோயிலைச் சுத்தி ஓடிக்கோ. நேர்ச்சைன்னா ஒருத்தரும் வாயத் திறக்கமாட்டா."

அப்படியே நடந்தது. குளித்த தலையை முடிந்துகொண்டு, பாவாடையைத் தூக்கிச் செருகி, கோயிலையும் குளத்தையும் சேர்த்துச் சுற்றி ஓடுவேன். எதிர்வீட்டு மாமி மட்டும் கோலப்பொடியும் கையுமாக நிமிர்ந்து பார்ப்பாள்.

"என்னடீ இப்படிப் பறக்கறே? மாப்பிள்ளை குளத்தங்கரையில வந்து நிக்கறானோ?"

"நிக்கட்டும் மாமி. தள்ளிவிட்டுண்டு போறேன்."

"நாக்கைப் பாரு! படிச்ச திமிராக்கும்."

மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டம் போதும், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வேகம் பழக வேண்டும் என்று புத்தகம் சொன்னது. வேகத்துக்கு மூன்று வழிகள் இருந்தன. நேரான சாலையில் விடாமல் விரைவாகப் போவது ஒன்று. மேட்டில் ஏறுவது ஒன்று. உயிரைக் கொடுத்துக் கொஞ்ச தூரம் ஓடி, நடந்து மூச்சு வாங்கி, மறுபடி ஓடுவது இன்னொன்று. முதல் வழிதான் எனக்கு ஏற்றது என்றாள் டீச்சர். நேரான சாலை என்றால் விழிஞ்ஞம் போகிற பாதை. அங்கே எந்த நேர்ச்சையைச் சொல்லிக்கொண்டு ஓடுவது? தவிரவும், மூன்றில் கடினமானது கடைசி வழி. கடினமானதை எடுப்பவள்தான் முதலில் வருவாள் என்று நினைத்தேன். கோயில் தெருக்கள் குட்டையானவை. ஒரு முனையில் வேகம் பிடித்தால் அடுத்த முனை திரும்பிய பிறகுதான் நிற்க முடியும். அந்தத் திருப்பத்தில் குறையாத வேகம் எனக்குப் பெருமையாக இருந்தது.

புத்தகம் மாட்டிறைச்சிச் சாறு குடிக்கவும் சொன்னது. அந்தப் பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. யுத்தத்தால் அரிசியே கிடைக்காத காலம். ஓடிவிட்டு வந்தால் அவித்த மரச்சீனிக் கிழங்கு இருக்கும்.

அதில் ஒரு படமும் இருந்தது. வெள்ளைக்காரர்கள் வரிசையாக இடப்புறம் வளைந்து ஓடுகிறார்கள். இவர்கள் நடுவில் கோயில் இல்லை, எப்படி வேண்டுமானாலும் சுற்றுவார்கள் என்று பக்கத்தைத் திருப்பினேன். கோயிலை இடமாகச் சுற்றுவது எங்களுக்கு யோசித்து விலக்குகிற காரியம்கூட இல்லை. அது நினைப்பிலேயே வராது. மாதக்கணக்கில் ஒவ்வொரு முனையிலும் வலப்புறம் திரும்பினேன். இடது முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கியது. பயிற்சி பிடிக்கிறது என்று தைலம் தடவிக்கொண்டேன்.

போட்டியன்று மைதானத்தில் சுண்ணாம்புக் கோடும் அம்பும் போட்டிருந்தார்கள். அம்பு இடப்புறம் காட்டியது.

"டீச்சர், இது அப்பிரதட்சிணமான்னா போறது?"

"பின்ன? எல்லா எடத்துலயும் இப்பிடித்தான். நீ எப்பிடி ஓடுன?"

சொன்னேன். அவள் தைலம் மணக்கும் என் முழங்காலைப் பார்த்தாள்.

"கோயில் இல்லாத ஒரு தெரு கெடைக்கலியாடி ஒனக்கு?"

"இல்லை" என்றேன். எங்கள் வீட்டைச் சுற்றி அப்படி ஒரு தெரு இல்லைதான்.

நேர் கோட்டில் நான்தான் முன்னால் இருந்தேன். வளைவு வந்ததும் உடம்பு தன் பழக்கத்துக்கு வெளிப்பக்கம் சாய்ந்தது. நான் கோட்டை விட்டு விலக, உள்பக்கமாக ஒவ்வொருத்தியாக என்னைத் தாண்டினார்கள். நேர்கோட்டில் மறுபடி அவர்களைப் பிடித்தேன். சில சுற்றுகள் இந்த இழுபறி நடந்தது. பிறகு முழங்கால் மடங்க மறுத்தது. நடந்தேன். கயிற்றுக்கு அப்பாலிருந்து எவனோ கத்தினான்: "சேச்சி, பஸ் போயி!" பஸ் போய்விட்டதாம்; எல்லாரும் சிரித்தார்கள். நான் கோட்டைத் தொட்டபோது நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வேறொரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா திட்டவில்லை. என் நடையைப் பார்த்தார். மறுநாளே செங்கோட்டைக்கு ஆள் போயிற்று, அந்த வாரமே சம்மதம் வந்தது.

எதிர்வீட்டு மாமி கற்கண்டோடு வந்தாள். "பாத்தேளா! என்னமா பலிச்சுடுத்து! அந்த ஓட்டம் ஓடினாளே, பெருமாள் சும்மா இருப்பாரோ?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பொய் என்று இப்போது சொல்ல முடியாது. பலித்த நேர்ச்சையைப் பாதியில் விடவும் கூடாதாம். முகூர்த்தம் வரை தினமும் நெய்விளக்கோடு சுற்றி முடிக்க வேண்டும் என்றாள் மாமி. அம்மா தலையை ஆட்டினாள்.

சுற்றினேன். விளக்கு அணையாமல், காலை இழுத்துக்கொண்டு. "கல்யாணப் பொண்ணுன்னா இதாக்கும் நடை. முன்னெல்லாம் என்ன குதி குதிச்சா!" என்றார்கள். ஒரு விடியலில் குளத்து முனையில் நின்று இடப்புறம் திரும்பிப் பார்த்தேன். இரண்டடி வைத்திருப்பேன்.

"அங்கே எங்கேடீ போறே? வழி தெத்திப்போச்சோ?"

"இல்லை மாமி."

விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு வலப்புறம் போனேன்.

புத்தகத்தை டீச்சர் திருப்பிக் கேட்கவில்லை. செங்கோட்டைக்குக் கொண்டுவந்தேன். இந்த வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்த இன்னொருவர் இருக்கிறார். காபி குடித்துவிட்டு டம்ளரை அதன்மேல் வைக்கிறார்.