பூச்சட்டி லேபிளும் நான் லினக்ஸுக்கு மாறிய சனிக்கிழமையும்

போன வாரம் சித்தி மகள் போன் செய்தாள். அவளுடைய பழைய லேப்டாப் ஆமையாக நகர்கிறதாம். யாரோ விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடச் சொன்னார்களாம். "இன்னைக்கு உக்காந்தா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்லாக்கா?" என்று கேட்டாள். எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறிவிட்டது. லினக்ஸ் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பதினைந்து வருஷத்துக்கும் மேலாக அதில்தான் வேலை பார்க்கிறேன். அந்தச் 'சாயங்காலத்துக்குள்ள'தான் என்னைக் குத்தியது. அதைக் கேட்டதும் மண்ணெண்ணெயும் அச்சு மையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னேன்.

அப்போது சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் டிசைன் ஆபரேட்டராக இருந்தேன். மல்லாங்கிணற்றிலிருந்து காலையில் பஸ் பிடித்து, விருதுநகரில் இறங்கி, இன்னொரு பஸ் மாறிப் போக வேண்டும். பெண்கள் சீட்டில் உட்கார்ந்து தூங்க இடம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள். அச்சகத்தில் பாதி வேலை பட்டாசு லேபிள், மீதி காலண்டர். ஆபரேட்டர் அறையில் நாலு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. அந்த ஏசி எங்களுக்காக வைத்ததில்லை, மிஷினுக்காக வைத்தது என்று முதலாளி அண்ணாச்சி மாதத்துக்கு ஒருமுறையாவது ஞாபகப்படுத்துவார்.

நாலிலும் ஓடியது திருட்டு சிடியில் போட்ட விண்டோஸ். பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் பென் டிரைவில் படம் கொண்டுவருவார்கள், படத்தோடு வைரஸும் வரும். சீசன் நேரத்தில் ஒரு போல்டரைத் திறந்தால் உள்ளே அதே பெயரில் இன்னொரு போல்டர், அதற்குள்ளும் ஒன்று. கிளியும் குழந்தையும் தாமரையும் போட்ட லேபிளெல்லாம் எங்கே போயின என்று தேடியே பொழுது போகும். வைரஸை விரட்ட ஒரு சிடி, அந்த சிடியில் இருந்த வைரஸை விரட்ட இன்னொன்று. பல்லைக் கடித்துப் பல்லே தேய்ந்துபோனது.

அந்த நேரத்தில்தான் லினக்ஸ் சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்புகிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். எழுதிப் போட்டேன். வந்தே விட்டது. வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டிய உறையைப் பார்த்து எங்கள் தெருவில் எனக்குக் கல்யாணமே நிச்சயமாகிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். சிடியைப் போட்டுப் பார்த்தால், கம்ப்யூட்டரில் எதையும் அழிக்காமல் சிடியிலிருந்தே ஓடியது. அப்படியே ஒரு மாசம் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதற்காகத்தானே அந்த வசதியே வைத்திருக்கிறான்! நான் பார்த்தது அரைமணி நேரம்.

அறையில் எனக்குத் துணை செண்பகம் அக்கா. தமிழ் டைப் அடிப்பது அவர் வேலை. சாத்தூரில் தட்டச்சு படித்தவர். விரல் ஓடும்போது கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். அடித்ததில் பிழை இருக்காது. நான் திட்டத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"நாலையும் மாத்தணுமா தாயி? ஒண்ணை விட்டுவையேன். எனக்குப் பழகின மிஷினு."

"அம்புட்டும் மாத்துனாத்தான்க்கா வைரஸ் ஒழியும். சனிக்கிழமை ஆரம்பிச்சா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்."

அண்ணாச்சிக்கு வைரஸ் போனால் போதும். "என்னமும் செய்யி. திங்கக்கிழமை நாரணாபுரத்துக்காரக லேபிள் நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு காலண்டர் பார்ட்டியோடு போய்விட்டார்.

நாலையும் அழித்தேன். பைல்களை சிடியில் ஏற்றி வைத்தேன், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. ஆனால் எழுத்துருக்களை எடுத்து வைக்கவில்லை. அக்கா டைப் அடித்த கீபோர்டு மென்பொருள் லினக்ஸில் ஓடுமா என்று பார்க்கவில்லை. நாங்கள் படம் வரைந்த மென்பொருளின் பைலை வேறொன்றில் திறக்க முடியுமா என்று ஒரே ஒரு பைலைக்கூடச் சோதிக்கவில்லை. திங்கட்கிழமை காலை, லேபிளில் 'எச்சரிக்கை' என்று இருந்த இடத்தில் பிராக்கெட்டும் பவுண்டு குறியும் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளும் நின்றன. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழே இல்லை. எத்தனை பேர் எத்தனை வருஷம் இதில் மண்டையை உடைத்துக்கொண்டோம்! இப்போது நினைத்தாலும் யாரையாவது திட்ட வேண்டும் போல இருக்கிறது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

பூச்சட்டி லேபிள் அன்று மதியமே அச்சுக்குப் போக வேண்டும். உங்கள் ஊரில் புஸ்வாணம் என்பீர்கள், அதுதான். படம் தப்பித்தது, எழுத்தை முழுக்கப் புதிதாக அடிக்க வேண்டும். லினக்ஸில் இருந்த யூனிகோடு கீபோர்டில் எந்தச் சாவியில் எந்த எழுத்து என்று ஒரு தாளில் எழுதி அக்காவின் முன்னால் ஒட்டினேன். வாழ்நாளில் முதல் தடவையாக அக்கா கீபோர்டைக் குனிந்து பார்த்து, ஒரு விரலால் தேடித் தேடி அடித்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் புரூப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். என் கண்ணெல்லாம் வண்ணம் சரியாக விழுகிறதா என்பதில் இருந்தது.

மறுநாள் காலை கட்டிங் மிஷினில் மாடசாமி அண்ணன் நின்றார். தாள் கட்டை அடுக்கிவிட்டு, மேல் தாளில் இருப்பதை உரக்கப் படித்த பிறகுதான் கத்தியை இறக்குவார். பஸ்ஸில் ஊர்ப்பெயர் கூவுகிற தோரணையில் இருக்கும். நாங்கள் அதைக் கேலி செய்வோம். அன்று பாதியில் குரல் நின்றது. தாளோடு எங்கள் அறைக்கு வந்தார்.

"தங்கச்சி, கையில பிடிச்சுக் கொளுத்தவா சொல்லுதீக?"

வாங்கிப் பார்த்தேன். 'கையில் பிடித்துக் கொளுத்தீர்' என்று இருந்தது. கொளுத்தாதீரில் ஒரு 'தா' இல்லை.

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் அண்ணன் இன்னொன்றும் சொன்னார். ராத்திரி ஷிப்டில் வேறொருவர் வெட்டிய முதல் லோடு, அன்று விடிந்ததும் நாரணாபுரம் பட்டாசு ஆலைக்குப் போய்விட்டது.

திருத்திய வரியை மட்டும் சின்னத் துண்டாக அச்சடித்து, வெட்டி, அக்காவும் நானும் அச்சக வேனில் ஓடினோம். பட்டாசு ஆலைக்குள் நினைத்தபடி ஓடிவிட முடியாது. வாசலில் போனை வாங்கினார்கள், செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், எதற்கு வந்தோம் என்று மூன்று பேரிடம் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அக்கா முந்திக்கொண்டு, "நான் அடிச்ச தப்புங்க" என்றார். மூன்றாவது தடவை எனக்குத் தாங்கவில்லை. "அவுக தப்பில்ல, நான்தான் அவுக மிஷினைப் பிடுங்கினேன்" என்று கத்திவிட்டேன். காவலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "சண்டையை வெளிய போட்டுட்டு வாங்க" என்றார்.

உள்ளே வேப்பமர நிழலில் ஒரு கொட்டகை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காலி டப்பாக்களில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் ஒட்டியாகிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் ஒருவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். இடது கையில் இரண்டு விரல் நுனி தீப்பட்டுச் சுருங்கியிருந்தது. "காலையிலேர்ந்து ஒட்டுதேன், என்ன எழுதியிருக்குன்னு இப்பத்தான் பாக்கேன்" என்றார். பிறகு நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்க. பசை இருக்கு."

உட்கார்ந்தோம். பிழையான வரியின் மேல் துண்டுத் தாளை ஒட்டி ஒட்டி மாலைச் சங்கு ஊதும்வரை குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு டப்பாகூட அந்தப் பிழையோடு வெளியே போகவில்லை. அந்தப் பெண்ணின் விரலை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

அண்ணாச்சி திட்டவில்லை. "செம்பகத்துக்குப் பழையபடி ஒண்ணு போட்டுக் குடு" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. ஒரு மிஷினில் பழைய விண்டோஸைப் போட்டேன், மற்ற மூன்றிலும் லினக்ஸ் இருந்தது. முதலில் இன்னார் ஆர்டர் என்று எழுதி வைக்கும் பட்டியலை ஓப்பன் ஆபீஸ் என்ற இலவச மென்பொருளுக்கு மாற்றினோம். பிறகு புதுப் படங்களை மட்டும் புது மென்பொருளில் வரைந்தோம். பிரிண்டர் ஒத்துழைக்க இரண்டு வாரம் ஆனது, அச்சுக்கு வண்ணம் பிரிக்கிற வேலை கடைசிவரை பழைய மிஷினில்தான் நடந்தது. ஆனால் பென் டிரைவ் வைரஸ் போன இடம் தெரியவில்லை. அடுத்த சீசனில் ஒருநாள் அக்கா தானாகவே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "காட்டு தாயி, அந்த 'ழ' எங்கன இருக்கு?" என்றார்.

சித்தி மகளிடம் இதைத்தான் சொன்னேன். கம்ப்யூட்டரை இப்போது தொடாதே. தினமும் திறக்கிற பைல்களை ஒவ்வொன்றாகப் புது மென்பொருளில் திறந்து பார். எழுத்துருக்களைத் தனியே எடுத்து வை. பிரிண்டர் ஓடுகிறதா பார். எல்லாவற்றையும் இன்னொரு இடத்தில் காப்பி எடுத்து, அந்தக் காப்பி திறக்கிறதா என்றும் பார். பழையதைக் கடைசியில் அழி. அந்த மிஷினில் வேறு யாராவது வேலை பார்க்கிறார்களா என்று முதலில் கேள். "நான் கேட்டது ஒரு சின்ன விஷயம்க்கா" என்றாள், கொஞ்சம் வருத்தமாக.

அந்த அச்சகம் இன்றும் இருக்கிறது. ஆபரேட்டர் அறையில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். லேபிள் எங்கிருந்தோ ஆயத்தமாக வருகிறது, நேரே அச்சுப் பிளேட்டுக்குப் போகிறது. எங்கள் எழுத்துருக்கள் ஒன்றும் இப்போது எந்த மிஷினிலும் இல்லை. செண்பகம் அக்கா இப்போது தன் மகன் வீட்டில் இருக்கிறார், போனில் வாயால் சொன்னால் எழுத்தாக விழுகிறதாம். மாடசாமி அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்த கட்டிங் மிஷின் அளவைத் தானே வைத்துக்கொள்கிறது. போன ஆடியில் இருக்கன்குடி கோயிலுக்குப் போகிற வழியில் அச்சகத்தை எட்டிப் பார்த்தேன். தாள் கட்டு உள்ளே போனது, கத்தி இறங்கியது, லேபிள் வெளியே வந்தது. யாரும் எதையும் படிக்கவில்லை.