பார்க்காமல் சொன்ன அடைப்பு

குழாய்க்காரருக்குக் கற்களின் மேல் ஆசை வந்தது பள்ளம் தோண்டும்போதுதான். குழாய் பதிக்கத் தோண்டிய இடங்களில் சிவப்புக் கோடு போட்ட கற்கள் கிடைத்தன. நனைந்திருக்கும்போது பளபளத்தன. காய்ந்ததும் வெறும் கல்லாகிவிட்டன. காய்ந்த பிறகும் நனைந்ததுபோலவே இருக்க வேண்டும் என்று நினைத்தார். ஐம்பத்திரண்டு வயதுவரை வேறெதையும் அவர் அப்படி நினைத்ததில்லை.

கல்லுக்கு மெருகேற்றும் இயந்திரம் விற்கும் கடையில் விலை கேட்டார். விலையைச் சொன்னதும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு வந்து தானே செய்தார். யாரோ கழற்றிப் போட்ட கூலரின் மோட்டார். செத்துப்போன மின்விசிறிகளின் பேரிங்குகள். அவற்றில் சுழலும் இரண்டு இரும்புக் கம்பிகள். வேகத்தைக் குறைக்க ஒரு சைக்கிள் சக்கரம். டியூபை நீளமாக வெட்டினால் பெல்ட். கம்பிகளின் மேல் உருளும் பீப்பாய்க்குச் செலவே இல்லை: வேலையில் மிஞ்சிய நாலங்குலக் குழாய், இரண்டு பக்கமும் மூடி.

பீப்பாய்க்குள் கற்கள், அரைக்கும் கறுப்புத் தூள், தண்ணீர். ராப்பகலாக உருள வேண்டும். முதல் வாரம் கொரகொரப்பான தூள். இரண்டாம் வாரம் கொஞ்சம் நைசு. மூன்றாம் வாரம் மாவு மாதிரி. நான்காம் வாரம் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸுக்குப் போடும் ரோஸ் பொடி. அந்த வாரம் பழைய தூளோ மண்ணோ ஒரு துளி கலந்தாலும் கல் முழுக்கக் கீறல். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் ஒவ்வொரு வாரமும் கற்களைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார். கழுவிய தண்ணீரைக் குளியலறையில் ஊற்றினார். அந்த பிரஷ் யாருடையது என்று மட்டும் மனைவி கேட்டாள்.

நான்காம் வாரத்தின் மூன்றாம் நாள் காலையில் கட்டிடம் அடைத்துக்கொண்டது. மேலே யார் குளித்தாலும் தரைத்தளத்தில் குழாய்க்காரர் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் ஏறியது. யாரால் அடைப்பு என்று கட்டிடத்தின் சொந்தக்காரர் போனில் கேட்டார்.

"ரெண்டாவது மாடி டீச்சர்தான் சார். பார்க்காமலே சொல்வேன்."

பதினோரு வருடமாக இந்தக் கட்டிடத்தின் குழாய்கள் அவர் பொறுப்பு. அடைப்பு விஷயத்தில் அவர் வாக்கு வேதவாக்கு. டீச்சர் வீட்டு எண்ணெய்ப் பிசுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை அடைத்திருந்தது. சொந்தக்காரர் உடனே கிளம்பி வந்து, மாதக் கடைசிக்குள் காலி செய்யும்படி டீச்சரிடம் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் குழாய்க்காரர் குழாயைக் கழற்றினார். வளைவிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு சாம்பல் நிறத் தடி வந்தது. சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இது நம்ம கல்லு கழுவின தண்ணி இல்ல?"

"ம்."

"டீச்சர் தலையில கட்டிட்டீங்களே."

"ம்."

"என்ன ம்? சாமான் கட்ட அட்டைப்பெட்டி இருக்கான்னு இப்பதான் அவங்க வந்து கேட்டுட்டுப் போறாங்க."

தடியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். மாடிப்படியின் அடியில் சொந்தக்காரரும் டீச்சரும் நின்றிருந்தார்கள்.

"சார், இது டீச்சர் இல்ல. நான்தான்."

சொந்தக்காரர் தடியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "காலையில அவங்கன்னு சொன்னே. என்ன, அழுதாங்களா?"

"நான் ஏன் அழறேன்?" என்றார் டீச்சர்.

"இல்ல சார், நான் வீட்டுல கல்லு தேய்க்கிறேன்."

"எதுக்கு?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "சும்மாதான்."

"அடைப்பு எடுக்கிறவன் எவனாவது அடைப்பானாய்யா? பாவம் பார்த்துப் பொய் சொல்றே. காதுல பூ சுத்தாதே."

குழாய்க்காரர் தடியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். மோட்டாரை நிறுத்தினார். இன்னும் நான்கு நாள் பாக்கி. பீப்பாயைத் தூக்கி வந்து படியில் வைத்து, சாக்கடைக் கையோடு ஸ்பானர் போட்டு மூடியைத் திருகினார். ரோஸ் நுரையோடு கற்கள் கொட்டின. சில, படியிலிருந்து உருண்டு மண்ணில் விழுந்தன. சொந்தக்காரர் ஒன்றை எடுத்துச் செருப்பில் துடைத்துப் பார்த்தார்.

"இது ரோஸு. அது சாம்பல். என்னை என்ன கேனையன்னு நினைச்சியா?"

"இது நாலாவது வாரம் சார். அடைச்சது முதல் மூணு வாரம்."

"வாரா வாரம் வேற கலரா?"

டீச்சர் குழாய்க்காரரின் கையிலிருந்து ஸ்பானரை வாங்கினார். குந்தி உட்கார்ந்து தடியை ஒரே போடாகப் போட்டார். அது இரண்டாகப் பிளந்தது. நடுவில் ஒரு கல் சில்லு. சிவப்புக் கோடு. அதை எடுத்து, கொட்டிக்கிடந்த கற்களில் ஒன்றின் பக்கத்தில் வைத்தார். அதே கோடு.

"இதை முதல்லயே உடைச்சிருக்கலாமே," என்றார் டீச்சர்.

உடைத்திருக்கலாம். பீப்பாயைத் திறந்திருக்கவே வேண்டாம். குழாய்க்காரருக்கு அது தோன்றவில்லை.

சொந்தக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப போன வருஷம் மூணாவது மாடியில அடைச்சது?"

"அது முடி சார்."

சொந்தக்காரர் குழாய்க்காரரின் வழுக்கையை உற்றுப் பார்த்தார். சந்தேகம் தீர்ந்தது. "சரி டீச்சர், நீங்க இருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர் போகவில்லை.

"பார்க்காமலே என் பேரைச் சொன்னது நீங்கதானே?"

"ஆமா டீச்சர்."

"அப்ப அந்த எண்ணெய் அடைப்பு ரெண்டும்?"

"அதை நான் பார்த்தேன். அது உங்களோடதுதான்."

டீச்சர் ஸ்பானரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேலே போனார்.

குழாய்க்காரர் கற்களைப் பொறுக்கினார். எண்ணிப் பார்த்தார். ஒன்றும் தொலையவில்லை. எல்லாவற்றிலும் மண். வீட்டுக்குள் கொண்டுபோய்க் கழுவினார். முதல் வாரத் தூளை எடுத்து வைத்தார்.

"கழுவின தண்ணி?" என்றாள் மனைவி.

"வாளியிலயே இருக்கட்டும். தெளியணும். அடியில தங்குறதை வெளிய கொட்டிக்கலாம்."

"எத்தனை நாளாகும்?"

"ரெண்டு நாள்."

"நம்ம வீட்டுல இருக்கிறது ஒரே வாளி. குளிக்கிறது?"

"மேல டீச்சர்கிட்ட ஒண்ணு கேளேன்."

"நான் கேக்க மாட்டேன். நீங்களே போய்க் கேளுங்க."

குழாய்க்காரர் வாளியைப் பார்த்தார். தண்ணீர் இன்னும் கலங்கலாகவே இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு படியேறினார்.