எல்லையில் எடுத்துப்போட்ட வேகத்தடை

பட்டன்காரி என்றால்தான் அவளை பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும். வீடு மாநில எல்லைக்கு இந்தப் பக்கம். சட்டை தைக்கிற கம்பெனியில் பட்டன் வைக்கிற வேலை அந்தப் பக்கம். தினம் இருட்டோடு போய் இருட்டோடு வருகிற பிழைப்பு. வயிறு எல்லைக்கோடு பார்க்குமா?

திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தால் போதும், அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிடுவாள். ஆனாலும் ஒருநாளும் இறங்குகிற இடத்தைத் தவறவிட்டதில்லை. எல்லைச் சோதனைச்சாவடியில் வரிசையாக வேகத்தடைகள். பஸ் தடதடவென்று ஏறி இறங்கும். அவள் கண் தானாகத் திறக்கும். அடுத்த நிறுத்தம் அவளுடையது, ரயில் நிலையத்தை ஒட்டி. அதை விட்டால் பஸ் புறவழிச்சாலையில் ஏறிவிடும், பிறகு எங்கும் நிற்காது.

"எங்களுக்கெல்லாம் அலாரம் நாங்க வைக்கணும். உனக்கு கவர்மெண்டே வச்சிருக்குடி" என்று காலர் தைக்கிறவள் கேலி செய்வாள்.

அன்றைக்கு மகள் ரயிலேறும் நாள். நர்ஸுக்குப் படித்தவள், நாலு மாநிலம் தாண்டிக் குளிர் ஊரில் வேலை. இனி வருஷத்துக்கு ஒருதரம் முகம் பார்த்தால் உண்டு. பட்டன்காரி லீவு கேட்டாள்.

"சரக்கு ஏத்துற நாள்ல லீவாம்மா? வேணும்னா கொஞ்சம் முன்னாடி கிளம்புங்க" என்றார் சூப்பர்வைசர்.

கிளம்பினாள். மகளுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு முந்தின பஸ்ஸைப் பிடித்தாள். துணைக்குக் காலர்காரி இல்லை. ஸ்வெட்டரை மடியில் வைத்தாள், தூங்கிப்போனாள்.

எழுப்பியது போன்தான்.

"எங்கம்மா இருக்க? ரயில் வந்துருச்சு."

"இதோ வந்துடறேன்டி. சாவடி இன்னும் வரல."

பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "சாவடியா? அதைத்தான் இன்னிக்குப் பகல்ல எடுத்துட்டாங்களேம்மா. வேகத்தடை மேட்டையும் செதுக்கிட்டாங்க. நாம எப்பவோ தாண்டியாச்சு."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். "அண்ணே, நிறுத்துங்கண்ணே! என் பொண்ணு போறாண்ணே!"

"பாலத்து மேல எப்படிம்மா நிறுத்துறது? எறங்கி நீங்க பறந்தா போவீங்க? அப்பவே கத்தினேனே!" என்ற கண்டக்டர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மிச்ச தூரத்துக்கு டிக்கெட் கேட்காமலே நகர்ந்துவிட்டார்.

போன் காதிலேயே இருந்தது. "ஸ்வெட்டர் வாங்கி வச்சிருக்கேன்டி" என்றாள்.

"நீ போட்டுக்கம்மா. விடியக்காலையில உனக்குத்தான் குளிரும்." அதற்குமேல் மகள் சொன்னதெல்லாம் ரயில் சத்தத்தோடு போயிற்று.

தூங்கினது அவள் தப்பு என்கிறவர்கள் ஒருநாள் முழுக்கக் குனிந்து பட்டன் வைத்துவிட்டு வரட்டும், பிறகு பேசுவோம்.

தபாலில் அனுப்பலாம் என்று பார்த்தால், "இங்கயே வாங்கிட்டேம்மா" என்கிறாள் மகள். ஸ்வெட்டர் மடிப்புக் கலையாமல் பையிலேயே கிடக்கிறது. பட்டன்காரி இப்போதெல்லாம் நின்றுகொண்டேதான் வருகிறாள். பக்கத்து சீட்டைத் தட்டிக்காட்டிக் காலர்காரி கூப்பிடுகிறாள்.

"உக்காருடி. நான் இருக்கேன்ல, எழுப்ப மாட்டேனா?"

"நீ தூங்கிட்டா?"