சீச்சீ சார்ஜ்மேன்

எந்தப் பிரேக்கர் பெட்டியைத் திறந்தாலும் நாகரத்தினத்தின் வாயிலிருந்து முதலில் வருவது "சீ" தான். மலையில் ரிங்லெட் ஊருக்கு மேலே செம்பாறை எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் மின்சாரம் அவர் பொறுப்பு, சார்ஜ்மேன் என்பார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்திலேயே பிறந்து, வயர் இழுக்கிறவராகத் தொடங்கி, ஈப்போவுக்கு பஸ் ஏறிப் பரீட்சை எழுதி 1974இல் அதற்கான லைசென்ஸ் சீட்டை வாங்கினார். மறுநாள் இலையை உருட்டிச் சுருட்டுகிற ரோலர் அறையின் பெரிய பெட்டியைத் திறந்தால், விரல் கனத்துக்குத் தேயிலைத் தூசி, காய்ந்துபோன இரண்டு பல்லி, எலிப்புழுக்கை, எவனோ மென்று துப்பிய வெற்றிலைச் சக்கை. "சீ, சீ" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டதை வாசலில் நின்ற ரோலர்காரன் சுப்பன் பார்த்துவிட்டான். அன்று சாயங்காலத்துக்குள் லயம் முழுக்க அவருக்குச் 'சீச்சீ சார்ஜ்மேன்' என்று பேர் விழுந்துவிட்டது.

பேரைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அவருக்குக் குமட்டியதெல்லாம் அந்தப் பெட்டியை ஒருத்தனும் மதிக்கவில்லையே என்பதுதான். மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கத்தான் பிரேக்கர் இருக்கிறது. அது வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். உள்ளே ஓர் இரும்புத் தண்டு. அதன் அடி சின்ன எண்ணெய்க் கிண்ணத்தில் மூழ்கியிருக்கும். மின்சாரம் மீறினால் தண்டு மேலே ஏறித் தட்டும், டக்கென்று பிரேக்கர் விழும். மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற கூடுதல் மின்சாரத்துக்கெல்லாம் விழுந்து வைக்காமல், அந்த எண்ணெய் தண்டைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் தண்டு ஏறாவிட்டால் பிரேக்கர் விழாது, அறையில் இருக்கிறவர்கள்தான் விழுவார்கள்.

அந்த அறையில் இருந்தவர்களில் ஒருத்தி அவர் மனைவி மணியம்மா. ரோலரைச் சுற்றிச் சிந்துகிற பச்சை இலையைக் கூட்டி அள்ளிப் போடுவது அவள் வேலை. காலை ஆறரைக்கு வேலை தொடங்கும். கழுவிவிட்ட ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பாள். தரைக்கடியில்தான் ரோலருக்குப் போகும் பழைய கேபிள் கிடந்தது.

பிரேக்கரைச் சோதித்து எண்ணெய் மாற்ற வருசத்துக்கு ஒரு தடவை ஈப்போவிலிருந்து கான்ட்ராக்டர் வருவார். பேர் அர்ஜுனன். வெள்ளைச் சட்டை, தோல் பெட்டி. 1981இல் ஆயுத பூசை முடிந்த மறு வாரம் வந்தார். வந்ததும், "ஆத்தோரத்துப் பம்ப்ப நீங்க பாத்துட்டு வாங்க, இங்க நான் பாத்துக்கிறேன்" என்று நாகரத்தினத்தை அனுப்பிவிட்டார். பம்ப்பில் ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. கிண்ணங்களைச் சுற்றிக் கம்பி கட்டி ஈயச் சீல் வைத்திருந்தார்கள். பெட்டிக்கு மேலே பச்சை ஸ்டிக்கர். அர்ஜுனன் பங்களாவில் எஸ்டேட் மேனேஜர் துரையோடு கோழிக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்து பார்த்தார் நாகரத்தினம். பூசைக்குத் தெளித்த சந்தனமும் குங்குமமும் தூசியில் குழைந்து அப்படியே அப்பிக் கிடந்தன. ஒரு துணியால் துடைக்கக்கூட மனம் வரவில்லை அந்த மனிதனுக்கு. "சோதிச்சானாம், கருமம்" என்று முணுமுணுத்துக்கொண்டு தானே துடைத்தார்.

டிசம்பரில் மலையில் மழையும் குளிரும் பிடித்துக்கொண்டன. ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, வேலை தொடங்குமுன், சும்மா ஒரு தடவை பார்த்துவைப்போம் என்று தண்டைக் கையால் மேலே தள்ளினார். அசையவில்லை. கட்டைவிரல் சிவக்கத் தள்ளினார். மூன்று தண்டில் ஒன்றுகூட ஏறவில்லை.

டீ மேக்கர் சாம்பசிவம் வயதில் மூத்தவர், தொழிற்சாலை அவர் கையில்தான் ஓடியது. அவரிடம் ஓடினார். "அண்ணே, பிரேக்கர் செத்துக் கெடக்கு. இன்னைக்கு ரோலர ஓட்டாதீங்க."

"என்னா லா நாகு, நேத்து எடுத்த கொழுந்து அம்புட்டும் வாடி ரெடியா இருக்கு. ஓட்டலன்னா புளிச்சிரும். தொரைக்கு நீ பதில் சொல்றியா?"

துரையிடமும் சொன்னார். துரை சாவகாசமாக மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தார். எல்லார் முன்னாலும் நாகரத்தினம் தண்டைத் தள்ளினார். வழுக்கிக்கொண்டு ஏறி, டக்கென்று பிரேக்கர் விழுந்தது. ரோலர்கள் நின்றன. சாம்பசிவம் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுப்பன் அடக்கவேயில்லை.

"மிஷின் நல்லாத்தானே இருக்கு? சும்மா சும்மா நிறுத்தாதே" என்றார் துரை. "அந்தச் சீல்ல கை வச்சா உன் சீட்டு உன்கிட்ட இருக்காது. தெரியுதா?"

தெரிந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்குத் தண்டு மறுபடி ஏறவில்லை. மத்தியானம் ஏறியது. அதற்கடுத்த நாளும் அதே கதை. நாகரத்தினத்துக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் சீலை உடைக்க வேண்டும். உடைத்தால் சீட்டுப் போகும், வீடு போகும். அதனால் உடைக்காமல் இருந்தார். ஆறரைக்கு மணியம்மா வெறுங்காலோடு உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டும் இருந்தார். அர்ஜுனன் மேல் இருந்த அருவருப்பெல்லாம் இப்போது தன் மேலேயே திரும்பியது. முகம் கழுவப் போனால் கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"நீ சாயந்தர ஷிப்ட்டுக்கு மாறிக்க" என்றார் மனைவியிடம்.

"அங்க ஏதுங்க எடம்? வேலைய விட்டாத்தான் உண்டு. ஏன், என்னா விசயம்?"

"ஒண்ணுமில்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தொழிற்சாலைக்கு லீவு. மணியம்மா தலைக்குக் குளித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெய் போத்தலைத் தணலுக்குப் பக்கத்தில் உருட்டிக்கொண்டிருந்தாள். அந்த மலையில் குளிர்காலக் காலையில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடக்கும். சூடு காட்டினால்தான் இளகும்.

"போத்தல் ஏன் இவ்ளோ காலியா இருக்கு?" என்றார், கேட்க வேண்டுமே என்று.

"பாதிய உங்க மிஷினுக்குல்ல குடுத்தேன். ஈப்போ ஆளுக்குச் சுத்தமான எண்ணெ வேணுமாம், அவசரமாம்னு அன்னைக்கி சாம்பசிவம் அண்ணன் ஆள் அனுப்புனாரு. நீங்க பம்ப்புக்குப் போயிருந்தீங்க."

நாகரத்தினம் போத்தலையே பார்த்தார். பிரேக்கர் பெட்டி உலை அறைச் சுவரை ஒட்டி இருந்தது. உலை பற்றவைத்துச் சுவர் சூடேற மத்தியானம் ஆகும். காலையில் அந்த இடம் ஐஸ்தான். எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. ஸ்டோரில் ஒரு டின் நிறைய சரியான எண்ணெய் இருக்கிறது. "கொண்டுவர மறந்துட்டேன்" என்று சார்ஜ்மேனிடம் கேட்க அந்த ஆளுக்குக் கௌரவக் குறைச்சல். அவரைப் பம்ப்புக்குத் துரத்திவிட்டு, பெண்கள் தலைக்குத் தேய்க்கிறதை வாங்கி ஊற்றிச் சீலும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

சட்டை போடாமல், கைலியோடு, கம்பி வெட்டுகிற குறட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். "எங்கங்க போறீங்க?" என்று மணியம்மா கத்தியது காதில் ஏறவில்லை. மெயினை இறக்கிவிட்டு மூன்று சீல்களையும் வெட்டினார். கிண்ணத்தில் சுண்ணாம்புக் கட்டியாக எண்ணெய் உறைந்திருந்தது. ஒன்றில் கரப்பான்பூச்சி ஒன்று மீசையோடு சேர்ந்து உறைந்து கிடந்தது. வீட்டில் தினமும் மோக்கிற வாடைதான். ஆனாலும் வெளியே போய் வாந்தி எடுத்தார். பிறகு வந்து வெந்நீரும் மண்ணெண்ணெயும் விட்டுக் கழுவி, துணியால் ஒற்றி, சரியான எண்ணெய் ஊற்றினார். தண்டைத் தள்ளினார். ஏறியது. டக்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். இரண்டாம் ரோலருக்கடியில் அந்தப் பழைய கேபிள் ஈரத்தில் வெடித்தது. மணியம்மா அப்போது ரோலர் விளிம்பில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் இலையை வாரிக்கொண்டிருந்தாள். பிரேக்கர் விழுந்தது. விளக்கெல்லாம் அணைந்தன. நாகரத்தினம் ஓடி வந்தபோது அவள் இலைக் கறை படிந்த கையை உதறிக்கொண்டிருந்தாள்.

"சுருக்குன்னு இழுத்துச்சுங்க. என்னா அது?"

அவர் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லார் முன்னாலும் அழுதுகொண்டே, உறைந்த எண்ணெய்க் கதையைச் சொன்னார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவருக்கு இரண்டு காகிதம் வந்தது. ஒன்று, சீலை உடைத்ததற்குத் துரையின் கடைசி எச்சரிக்கை. மற்றது அர்ஜுனன் அனுப்பிய அறிக்கையின் நகல்: தாம் செய்த முறையான பராமரிப்பினால் பிரேக்கர் சரியாக இயங்கி உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டதாம். கீழே 'பார்த்தேன்' என்று நாகரத்தினம் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதைத் தொட்ட விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

மறு நாளே அர்ஜுனன் புதுச் சீலோடு வந்து நின்றார். பெட்டியைத் திறந்து துழாவிவிட்டு, தொண்டையைச் செருமினார். "மிஸ்டர் நாகரத்தினம், எண்ணெய் கொஞ்சம் டாப்-அப் பண்ணணும். நான் கொண்டாரல. உங்ககிட்ட ஏதாச்சும் இருக்கா?"

நாகரத்தினம் அவரை மேலும் கீழும் பார்த்தார். சீ என்று சொல்லக்கூட அந்த ஆளுக்குத் தகுதியில்லை என்று அவருக்குத் தோன்றியது. "ஊத்தியாச்சு. சீல வச்சிட்டுக் கெளம்புங்க" என்றார். கையெழுத்துப் போடாத காகிதத்தை அர்ஜுனனின் தோல் பெட்டிமேல் வைத்தார்.

மறுநாள் காலை ஆறரைக்குச் சாம்பசிவம் விசில் ஊதினார். ரோலர் அறை வாசலில் மணியம்மா நின்றாள். அவள் பின்னால் மற்றப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். ஒருத்தியும் படி தாண்டவில்லை.

"என்னா லா, உள்ள போங்க. மணியாச்சு" என்றார் சாம்பசிவம்.

"போறோம்ண்ணே" என்றாள் மணியம்மா. "மொதல்ல அந்தத் தண்ட அவரு தள்ளிக் காட்டட்டும். எங்க காதுக்கு டக்குன்னு கேக்கட்டும்."

துரை இரண்டு தடவை வந்து சத்தம் போட்டுப் பார்த்தார். பெண்கள் வாசலிலேயே நின்றார்கள். 1988இல் நாகரத்தினம் ஓய்வு பெறும்வரை, தினமும் அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவர்கள் உள்ளே போனார்கள்.