மிதிதொட்டியில் மெத்தை

கிரேக்க நாட்டின் சாந்தோரினித் தீவுக் காவல் நிலையத்தின் அறிக்கைப்படி, அன்னேசியோ ஐம்பத்தெட்டு வயது விதவை, மதுக்கூடக் கூலியாள், முரட்டு சுபாவம் உடையவள், வெளியூர் விருந்தினர்மேல் பகை கொண்டவள், சம்பவ நேரத்தில் போதையில் இருந்ததாகச் சந்தேகிக்கப்படுபவள், உயிர் மீட்பை வேண்டுமென்றே தடுத்தவள்.

விதவை என்பது சரி. மற்றபடி, நாள் முழுக்க அடுத்தவர் கிண்ணத்தில் ஒயின் ஊற்றிய அந்தக் கை, மாதா கோயிலில் கொடுக்கும் கரண்டியளவு தவிர, தன் வாய்க்கு ஒரு சொட்டும் கொண்டுபோனதில்லை. பகையைப் பற்றிச் சொல்வதானால், விருந்தினருக்கு அளவுக்கு மீறி ஊற்றுகிறாள் என்றுதான் கூடத்தின் முதலாளியான கொழுந்தன் பிரான்கிஸ்கோஸ் அவளை ஏசுவது வழக்கம்.

"அண்ணி, ருசி பார்க்க ஊத்தச் சொன்னேன். குளிப்பாட்டச் சொல்லல."

"கடல்ல ஊறி உப்போட வந்திருக்குதுங்க. தொண்டை காயாதாடா?"

கூடம் என்பது எரிமலைச் சாம்பலில் குடைந்த குகை. அறுவடை முடிந்து சாறு நுரைத்துப் பொங்கும் நாட்களில் அந்தச் சாறு விடும் மூச்சு, அதாவது கரியமில வாயு, காற்றைவிடக் கனமானது. தண்ணீர்போலத் தரையோடு தேங்கும். அதனால் குகைக்குள் போகிறவர்கள் மெழுகுவத்தியை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு போவார்கள். சுடர் செத்தால் திரும்பிவிடுவார்கள். அன்னேசியோவின் புருஷன் சான்னிஸ் ஒருநாள், ஒரு ஜாடியை எடுக்கத்தானே என்று, வெறுங்கையோடு போனான். விழுந்த சத்தம் கேட்டதும் அவள் மகனைத்தான் கூப்பிட்டாள்: "ஸ்தாமாதிஸ், ஓடிப்போய் அப்பாவத் தூக்குடா." பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டான். அவளையும் அன்றைக்கு அக்கம்பக்கத்தார் இழுத்துப் பிடிக்காவிட்டால் சவப்பெட்டி மூன்றாகியிருக்கும். தீவில் இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. குகை ஒருவரோடு நிறுத்திக்கொள்வதில்லை. பின்னால் ஓடி வருகிறவருக்கும் இடம் வைத்திருக்கும்.

பிரான்கிஸ்கோஸ் கெட்டவன் அல்ல, ரசனையுள்ளவன். இயந்திரம் வந்தபின் சும்மா கிடந்த மிதிதொட்டியில், அதாவது திராட்சையைக் காலால் மிதிக்கும் ஆழமான கல்தொட்டியில், மெத்தை விரித்தான். விளிம்பு நெடுக மெழுகுவத்தி வைத்தான். தம்பதிகள் உள்ளே இறங்கிச் சாய்ந்துகொண்டு ஒயினை ருசிக்கலாம். மூன்று நாள் விடுமுறையில் வந்த ஜோடிகளுக்கு, கறுப்பு மணல் கடற்கரைக்கு அடுத்தபடி பிடித்த இடம் அதுதான். அந்த வருஷம் விளைச்சல் அதிகம். இடமில்லாமல் பக்கத்துத் தொட்டியிலும் புதுச்சாற்றை நிரப்பினான்.

"பக்கத்துலயே பொங்குதுடா. இந்த வாரம் ஜோடி வேண்டாம்" என்றாள் அன்னேசியோ.

"மெழுகுவத்தி எரியுது பாருங்க அண்ணி. அப்பா காலத்துச் சட்டம்தான். எரியுதா, உள்ள போ."

"அது மேல எரியுது. ஜனங்க கீழல்ல உக்காருறாங்க?"

"உங்க பயத்தையும் பாட்டில்ல அடைச்சு விக்கச் சொல்றீங்களா? போய் தக்காளி வடையைப் பொரிங்க."

அவள் போய்ப் பொரித்தாள்.

அன்று மாலை வந்தவர்கள் வோலோஸ் நகரத்துத் தாலிஸும் அவன் மனைவி மிர்சினியும். கல்யாண நாள். அவளைத் தொட்டியில் இருக்கச் சொல்லிவிட்டுத் தாலிஸ் காரிலிருந்து கேமராவை எடுக்கப் போனான். திரும்பி வந்து குகை வாசலிலிருந்து கூப்பிட்டான். பிறகு சிரித்துக்கொண்டே அடுப்படிக்கு வந்தான்.

"அம்மா, ஒரு காப்பி போடுங்க. என் பெண்டாட்டி ரெண்டு கிளாஸ்லயே கவுந்துட்டா. போட்டோவுக்கு எழுப்புனா அசைய மாட்டேங்குறா. இவதான் என்னைக் குடிகாரன்னு சொல்றவ."

அன்னேசியோ கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். விளிம்பில் சுடர்கள் அழகாக எரிந்துகொண்டிருந்தன. ஒரு மெழுகுவத்தியை எடுத்து, நீளக் காம்புள்ள ஒயின் அகப்பையில் நிறுத்தி, தொட்டிக்குள் இறக்கினாள். மெத்தைக்கு வெகு மேலேயே அணைந்தது.

பின்னால் வந்த தாலிஸுக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவி அசையாமல் கிடப்பது மட்டும் தெரிந்தது. குதிக்கப் போனவனை இடுப்பு வாரோடு பிடித்து, தரதரவென்று வாசலுக்கு வெளியே இழுத்துத் தள்ளினாள். காற்று புக வேண்டும் என்பதால் கதவைச் சாத்தவில்லை. அவளே கதவு அகலம், வாசலில் நின்றுகொண்டாள். சத்தம் கேட்டுப் பிரான்கிஸ்கோஸ் ஓடி வந்தான்.

"வழி விடுங்க அண்ணி. மூச்சைப் பிடிச்சிட்டுப் போய்த் தூக்கிடுறேன்."

"ஸ்தாமாதிஸும் இதத்தான் சொல்லிட்டுப் போனான். மேல ஏறி காத்துப்பொந்தத் திற. தீயணைப்புக்காரங்களக் கூப்பிடு. போடா."

அவன் போனான், திறந்தான், கூப்பிட்டான், மறுபடி வந்து முட்டினான். தாலிஸ் அவளை அடித்தான், கையைக் கடித்தான், பிறகு காலில் விழுந்தான்.

"உங்களுக்குப் புள்ளை இல்லையா அம்மா? விடுங்கம்மா."

அவள் வாசல் நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். காற்று உருளையும் முகமூடியும் மாட்டிய தீயணைப்பு ஆட்கள் வந்து மிர்சினியைத் தூக்கிக்கொண்டு போனபோது அன்னேசியோவின் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. மிர்சினிக்கு உயிர் இல்லை. அது எப்போது போனது என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

புகார் கொடுத்தது தாலிஸ். சாட்சி சொன்னது பிரான்கிஸ்கோஸ். அண்ணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்வரை மெத்தையைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். காப்பிக்கடையில் இன்றைக்கும் வழக்கு முடியவில்லை.

"குனிஞ்சு ஒரு இழுப்பு இழுத்திருந்தா பொழச்சிருக்கும் அந்தப் பொண்ணு."

"இழுக்கப் போனவளை யாரு இழுக்குறது, நீயா? நீ நாற்காலியவிட்டே எந்திரிக்க மாட்ட."

இரண்டு பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அன்னேசியோவிடம் கேட்டால், தெரியாது என்கிறாள்.

மிர்சினியை அவள் காப்பாற்றவில்லை. தீயணைப்புக்காரர்கள் வரும்வரை தாலிஸையும் பிரான்கிஸ்கோஸையும் உள்ளே விடவில்லை.